பந்தயக் குதிரை பழக்குதல்: செஞ்சிச் சீமைக்கு ஏற்ற முறைகள்

குதிரை என்றவுடன் தென்னாட்டார் நினைவிற்கு வருவது செஞ்சி. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் பெருவழியில், ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் வளைத்துக் கட்டப்பட்ட கோட்டையின் உட்புறத்தே, கல்யாண மகாலுக்கு அண்மையில் குதிரை லாயங்கள் இன்றும் நிற்கின்றன. நெற்களஞ்சியமும் அவற்றிற்குத் தொலைவில் இல்லை. 2025 ஜூலை மாதத்தில் மராட்டியர் கோட்டைகளோடு சேர்த்து இக்கோட்டையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டபின் காண வருவோர் தொகை மிகுந்துள்ளது. ஆயினும் வருவோர் மலையுச்சியையே நோக்கி விரைகின்றனர். லாயத்தின் முன் நின்று, இங்கே நின்ற குதிரைகள் எதைத் தின்றன, யார் பழக்கினர் என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

தேசிங்குராஜன் கதையைக் கேளாத குடியானவர் இச்சீமையில் இலர். டில்லியில் ஒருவராலும் அடக்க முடியாது நின்ற பாராசாரி என்னும் குதிரையை அடக்கச் சென்ற தந்தை தவறிச் சிறைப்பட்டார் என்றும், இளைஞனான மகன் சென்று அதன்மீதேறி அடக்கித் தந்தையை மீட்டு, அக்குதிரையையே பரிசாகப் பெற்று வந்தான் என்றும் கதை கூறும். சரித்திரத்தில் அவன் தேஜ் சிங். தந்தை ஸ்வரூப் சிங் என்னும் புந்தேல ராஜபுத்திரர், மொகலாயர் சார்பில் கோட்டையைக் காத்தவர், 1714-இல் இறந்தார். அவ்வாண்டு அக்டோபர் 3-ஆம் நாள், ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு பொருது தேசிங்கும் மடிந்தான். அவனுடைய நண்பன் மகமத் கானுக்கும் அவன் ஏறிய குதிரைக்கும் நீலாம்பூண்டியில் சமாதிகள் உள என்பர். குதிரைக்கும் சமாதி எழுப்பிய சீமை இது.

கதை இனியதே. ஆனால் குதிரை பழக்கும் தொழிலுக்கு அதனால் ஒரு கேடும் விளைந்துள்ளது. முரட்டுக் குதிரையை ஒரே ஏற்றத்தில், ஒரே பொழுதில், வீரத்தால் வசப்படுத்தலாம் என்னும் எண்ணம் அதனால் நிலைத்துவிட்டது. ஜட்கா ஓட்டியோர் முதல் ஊர்வலக் குதிரை வைத்திருப்போர் வரை, குதிரையை 'முறிக்க' வேண்டும் என்றே இன்னும் பேசுகின்றனர். மாசிடோனியத்து அலெக்ஸாந்தரைப் பற்றியும் இத்தகைய கதை உண்டு. அதில் மட்டும் பயனுள்ள ஒரு செய்தி இருக்கின்றது. புசெபலஸ் என்னும் குதிரை தன் நிழலைக் கண்டே வெருள்கின்றது என்பதைச் சிறுவன் கண்டுகொண்டு, அதன் முகத்தைச் சூரியனை நோக்கித் திருப்பிவிட்டுப் பின்னர் ஏறினான் என்று புளுடார்க் எழுதியுள்ளார். அங்கே வென்றது கை வலிமையன்று, கண். பாராசாரியை அடக்கியவனும் ஏதோ ஒன்றைக் கண்டுதான் இருப்பான். பாட்டுக் கட்டியோர் அதை விட்டுவிட்டனர்.

2024 செப்டம்பரில் கிண்டிப் பந்தய மைதான நிலத்தின் குத்தகையை அரசாங்கம் ரத்துச் செய்தது. 1777-ஆம் ஆண்டு முதல் குதிரை ஓடிய இடம் அது. இத்தொழிலை நம்பியிருந்தோர் பெங்களூர், மைசூர் போன்ற இடங்களை நோக்குவதும், நகரத்திற்கு வெளியே கிணற்றுப் பாசனமுள்ள நிலத்தில் குதிரைகளை வைத்துப் பழக்கிப் பந்தயக் காலத்தில் மட்டும் கொண்டுசெல்லலாமா என்று எண்ணுவதும் இயல்பே. செஞ்சிச் சீமையில் செம்மண்ணும், கிணறும், நிலக்கடலையும், கொள்ளும் உள்ளன. அவ்வாறு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் ஒருவர், தாத்தா காலத்து வழக்கங்களுள் எவற்றைக் கைக்கொள்வது, எவற்றைத் தள்ளுவது, இக்காலத்தார் கூறும் மாற்று முறைகளுள் எவற்றை நம்புவது என்பதே இங்கு ஆராயப்படுவது.

அமெரிக்காவில் ஒருவர்

இவ்விதம் முதலிலிருந்து தொடங்கியோருள் டாம் ஸ்மித் என்பவர் வரலாறு தெரிந்துகொள்ளத்தக்கது. 1878-இல் பிறந்த அவர், மேற்கு அமெரிக்கப் புல்வெளிகளில் காட்டுக் குதிரைகளைப் பழக்கி வளர்ந்தவர். எழுத்துப் படிப்பு மிகுதியாக இல்லை. பேச்சோ அதனினும் குறைவு. 1934-இல் அவருடைய முதலாளி இறந்துபோகவே, ஐம்பத்தாறு வயதில் வேலையற்று, மெக்ஸிகோ எல்லையிலிருந்த பந்தய மைதானமொன்றில், ஒரே குதிரையை வைத்துக்கொண்டு, குதிரைக் கொட்டிலிலேயே படுத்துறங்கும் நிலைக்கு வந்தார். அங்கிருந்து நண்பரொருவர் சிபாரிசால் சார்லஸ் ஹோவார்டு என்னும் மோட்டார் வியாபாரியிடம் சேர்ந்தார். 1936 ஆகஸ்டில் அவர் சொற்படி ஹோவார்டு 8,000 டாலருக்கு வாங்கிய குதிரையே ஸீபிஸ்கட்.

அக்குதிரை இரண்டு வயதிலேயே 35 பந்தயங்களில் ஓட்டப்பட்டிருந்தது. உடல் இளைத்து, தீவனத்தைத் தொடாமல், கொட்டிலுக்குள் இடைவிடாமல் சுற்றிக்கொண்டு, அருகே வருவோரைக் கடிக்கப் பாய்ந்தது. ஸ்மித் சாட்டையை எடுக்கவில்லை. முதலில் ஓர் ஆட்டைத் துணைக்கு விட்டார். ஸீபிஸ்கட் அதைப் பல்லால் கவ்வித் தூக்கி வெளியே எறிந்துவிட்டது. பிறகு பம்ப்கின் என்னும் சாதுவான மட்டக்குதிரையைக் கொண்டுவந்து, இரு கொட்டில்களுக்கும் இடையிலிருந்த தடுப்பை இடித்துச் சேர்த்துக் கட்டினார். ஒரு நாயும், ஒரு குரங்கும் பின்னர்த் துணை சேர்ந்தன. குதிரை படுத்து உறங்கத் தொடங்கியது. உறங்கியபின் தின்னத் தொடங்கியது. நல்ல வைக்கோற்புல்லும் ஓட்ஸும் கொடுத்து, காலையில் அது விரும்பும் வரை உறங்கவிட்டுப் பழக்கினார். கால்களுக்குத் தாமே காய்ச்சிய தைலம் தேய்ப்பார். இவையெல்லாம் மேய்ப்பர் வழக்கங்கள்; பந்தய மைதானத்துப் பெரியோர் நகைத்தனர்.

ஆனால் அவர் பழமையில் மட்டும் ஊன்றி நிற்கவில்லை. 1938 நவம்பர் 1-ஆம் நாள் பிம்லிகோவில் வார் அட்மிரல் என்னும் பெயர்பெற்ற குதிரையோடு நேருக்கு நேர் ஓடவேண்டியிருந்தபோது, பந்தயம் மணியோசையால் தொடங்கும் என்று அறிந்து, கடிகார மணியைக் கொண்டு தாமே ஒரு மணிப்பெட்டி செய்து, மணி ஒலித்தவுடன் பாயும்படி ஸீபிஸ்கட்டைப் பழக்கினார். பிந்தி எழும் குதிரை என்று பெயரெடுத்திருந்த அது, அன்று முதலிலேயே முந்தி, நான்கு குதிரை நீளத்தில் வென்றது. கால் நரம்பு கெட்டு ஓராண்டு ஓய்ந்தபின் 1940 மார்ச்சில் ஸான்டா அனிடாவிலும் வென்று நின்றது. பழைய மேய்ப்பர் பொறுமையும், ஓசைக்கும் செயலுக்கும் உள்ள தொடர்பைக் குதிரை எவ்வாறு கற்கின்றது என்னும் அறிவும் ஒருவரிடம் சேர்ந்திருந்தன. அவருடைய வரலாற்றில் கசப்பான பகுதியொன்றும் உண்டு. அது மருந்தைப்பற்றிப் பேசுமிடத்தில் வரும்.

அடக்குதலும் பழக்குதலும்

குதிரை பகைவனைக் கண்டு ஓடித் தப்பும் பிராணி. கண்கள் இருபுறத்தும் இருத்தலால் ஏறக்குறையச் சுற்றிலும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டுமே காணாது. ஆகவே அவ்விரு திசைகளிலிருந்து திடீரென்று வரும் கை அதற்குப் புலியின் கையே. அடக்குவோர் இவ்வச்சத்தையே கருவியாகக் கொண்டனர். 1858-இல் அமெரிக்கரான ஜான் ராரே என்பவர் இங்கிலாந்திற்கு வந்து, க்ரூஸர் என்னும் பொல்லாத பந்தயக் குதிரையைச் சில மணி நேரத்தில் சாதுவாக்கிக் காட்டினார். முன்காலொன்றை மடக்கிக் கட்டி, களைத்துக் கீழே படுக்கும் வரை விட்டு, படுத்தபின் உடல் முழுதும் தடவிக் கொடுப்பது அவர் முறை. சாட்டையடியை விட அது மேலானதே. அக்காலத்தில் பெரும் சீர்திருத்தமாகவே போற்றப்பட்டது. ஆயினும் கீழே விழுந்து அசையாது கிடக்கும் குதிரை பழகியதா, தப்ப வழியில்லை என்று கைவிட்டதா என்பது வெளிப்பார்வைக்குத் தெரிவதில்லை. கைவிட்ட குதிரை வண்டிக்கு உதவலாம், பந்தயத்திற்கு உதவாது. ஓடவேண்டும் என்னும் விருப்பம் அதனிடமிருந்தே எழவேண்டும்.

இப்போது குதிரைக் கல்வி பற்றி ஆராய்ந்தோர் கண்ட முறை எளியது. கயிற்றால் இலேசாக இழுக்கப்படுகின்றது; குதிரை ஓர் அடி முன்வைத்த அக்கணமே இழுப்புத் தளர்த்தப்படுகின்றது. குதிரை கற்பது இழுப்பினால் அன்று, தளர்வினால். தளர்த்தக் கால தாமதமானால், எதற்காகத் தளர்ந்தது என்பது அதற்கு விளங்காது. பிறகு இழுத்தாலும் நிற்கும், அடித்தாலும் நிற்கும். புதிய முறை என்று பலவாறு பெயரிட்டுப் பணம் வாங்கிக் கற்பிக்கப்படுவனவற்றுள் சாரமானது பெரும்பாலும் இதுவே. கிரேக்கரான ஸெனபோன் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே, வற்புறுத்தலால் செய்விப்பதைக் குதிரை உணர்ந்து செய்வதில்லை என்னும் கருத்தை எழுதிவைத்தார். ஆகவே 'மாற்று முறை' என்னும் பெயரைக் கண்டு மயங்கவும் வேண்டா, வெறுக்கவும் வேண்டா.

நம் பழைய அசுவ சாஸ்திரங்களும் முற்றிலும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சைச் சரஸ்வதி மகால் நூல்நிலையத்தார் 1952-இல் படங்களோடு பதிப்பித்தனர். அதிலும் அதுபோன்ற நூல்களிலும் சுழி இலக்கணம் விரிவாகக் கூறப்படும். இன்றும் சந்தையில் நெற்றிச் சுழியையும் மார்புச் சுழியையும் பார்த்து விலை பேசுவோர் உளர். சுழி ஓடுவதில்லை, கால்தான் ஓடுகின்றது. வாங்குவோர் முதலில் நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்த்தல் வேண்டும். பிறகு முழங்காலைத் தடவி வெப்பமும் வீக்கமும் உளவா என்று காணவேண்டும். அதன்பின் நேரமிருந்தால் சுழியைப் பார்த்துக்கொள்ளலாம்.

இளங்குதிரையின் எலும்பு பற்றி ஒரு சொல். மெதுவாக நெடுந்தூரம் ஓட்டி 'உடம்பை இறுக்குதல்' பழைய வழக்கம். அமெரிக்காவில் பென்ஸில்வேனியா சர்வகலாசாலையார் ஆராய்ந்ததில், முன்கால் எலும்பு எவ்வேகத்தில் ஓடுகின்றதோ அவ்வேகத்திற்கே தன்னை உறுதிப்படுத்திக்கொள்கின்றது என்றும், மெதுவோட்டத்தை மட்டுமே நீட்டிப்பதைவிட, குறுகிய தூரம் விரைவாக ஓட்டி ஓய்வு கொடுத்தலே முன்கால் வலியைக் குறைக்கின்றது என்றும் தெரியவந்தது. ஆனால் தசைநார் எலும்பைப்போல் விரைவில் உறுதிப்படுவதில்லை. ஆதலின் முதல் சில மாதங்கள் நடையும் மெல்லோட்டமுமே முதன்மையாக இருந்து, விரைவோட்டம் சிறிது சிறிதாகச் சேர்க்கப்படவேண்டும். செஞ்சியில் ஏரிக்கரையும் மணற்பாங்கான தடங்களும் இதற்குப் பொருந்தும்; பாறைச் சரளை நிறைந்த குன்றடி வழிகள் பொருந்தா.

தீவனம்

குதிரை வாணிகத்தில் தமிழகம் பழம்பெயர் பெற்றது. கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொன்னைக் கோயிலுக்குச் செலவிட்ட மாணிக்கவாசகருக்காக நரிகள் பரிகளான கதையும் யாவரும் அறிந்ததே. அக்கதை, அக்காலத்தில் குதிரைக்கு அரசன் எவ்வளவு பொன் கொட்டினான் என்பதற்கும் சான்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ கூறுவது நெஞ்சை உறுத்துவது. பாண்டிநாட்டு அரச சகோதரர் ஐவரும் ஆண்டுதோறும் ஒவ்வொருவரும் 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து வருவித்தனர் என்றும், ஆண்டிறுதியில் அவற்றுள் நூறுகூட உயிரோடு எஞ்சுவதில்லை என்றும் எழுதியுள்ளார். குதிரை வைத்தியம் அறிந்தார் இல்லாமையும், சோறும் இறைச்சியும் வேகவைத்துக் கொடுத்த தீவனமுமே காரணம் என்பது அவர் கருத்து. எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். காரணத்தில் மிகை இல்லை.

குதிரையின் இரைப்பை மிகச் சிறியது; உணவுப் பாதையின் கொள்ளளவில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே. அதில் அமிலம் இரவும் பகலும் சுரந்துகொண்டேயிருக்கும். அதை ஆற்றும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே சுரக்கும். ஒரு கிலோ உலர்புல்லை மெல்லச் சுமார் 40 நிமிடம் ஆகும். ஒரு கிலோ தானியத்திற்குப் பத்து நிமிடமே. காலையும் மாலையும் தானியத்தைக் கொட்டிவிட்டு இடைப்பொழுதெல்லாம் வெறுவயிற்றோடு கட்டிவைக்கும் லாயங்களில் குதிரைகளுக்கு இரைப்பைப் புண் உண்டாதல் இதனாலேயே. பயிற்சியிலுள்ள பந்தயக் குதிரைகளில் பத்திற்கு எட்டுக்குக் குறையாதவற்றிடம் இப்புண் உண்டு என்று பல நாட்டு ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. தீவனத்தைத் தொடாத குதிரை, சேண வாரை இறுக்கும்போது கடிக்கும் குதிரை, இவற்றைப் பொல்லாதவை என்று அடிப்பதற்குமுன் வயிற்றை நினைத்தல் நன்று.

ஆகவே புல்லே முதல், தானியம் பின்னது. 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றிற்கு உலர்ந்த கணக்கில் 9 முதல் 11 கிலோ வரை தீவனம் வேண்டும். அதில் பாதிக்குக் குறையாதது புல்லாக இருத்தல் வேண்டும். தானியத்தை ஒரு வேளைக்கு 2 கிலோவுக்கு மேல் கொடுத்தலாகாது. மிஞ்சிய மாவுச்சத்துச் செரியாமல் பெருங்குடலில் புளித்து, வயிற்றுவலியும் குளம்பினுள் அழற்சியும் உண்டாக்கும்.

அருகம்புல்லைவிடச் சிறந்த குதிரைப் புல் நம் நாட்டில் இல்லை. முற்காலத்தில் சென்னைக் குதிரைப்படையில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குதிரைக்காரனும், அதற்கென்றே புல் கொண்டுவர ஓர் ஆளும் இருந்தனர். அருகை வேரோடு செதுக்கி, மண் போக அடித்து, நீரில் அலசிக் கொடுத்தல் வழக்கம். அலசுதலில் சோம்பினால் மணல் குடலில் படிந்து வயிற்றுவலி வரும். பழையோர் இதை அறிந்தே அலசினர். வைக்கோல் குதிரைக்கு வயிறு நிரப்புமேயன்றிச் சத்துக் கொடாது.

நாட்டில் இப்போது பெரிதும் பரவியுள்ள கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல்லும், கொழுக்கட்டைப் புல்லும் மாட்டிற்கு நல்லன. குதிரைக்கு அவற்றையே முழுத் தீவனமாகக் கொடுத்தல் தவறு. அவற்றிலுள்ள ஆக்ஸலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். அதோடு கோதுமைத் தவிட்டையும் மிகுதியாகச் சேர்த்தால், தவிட்டின் மணிச்சத்து எஞ்சிய சுண்ணாம்பையும் குலைத்து, முகத்தெலும்பு வீங்கி, கால்கள் நொண்டும். மாட்டுக்காரர் சொற்கேட்டுக் குதிரை வைப்போர்க்கு நேரும் முதற்கேடு இது. இரண்டாவது கேடு சவுண்டல். சூபாபுல் என்றும் வழங்கும் அதன் தழையைத் தின்ற குதிரைக்குப் பிடரியும் வாலும் மயிர் உதிரும். அதிலுள்ள மிமோஸின் என்னும் நஞ்சே காரணம். ஆடு தின்கின்றதே என்று குதிரைக்கும் ஒடித்துப் போடுதல் கூடாது.

சுண்ணாம்புக் குறையைத் தீர்க்க எளிய வழி, தன் பெயரிலேயே குதிரையைத் தாங்கியிருக்கும் பயிர்: குதிரை மசால். புரதமும் சுண்ணாம்பும் மிகுந்து, இரைப்பை அமிலத்தையும் ஆற்றும் இயல்புடையது. கிணற்றுப் பாசனமுள்ள வடிகால் நல்ல நிலத்தில், கடுங்கோடை தவிர்த்து விதைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை உகந்தவை. ஏக்கருக்கு 8 கிலோ விதையை, ரைஸோபியம் கலந்து, 25 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள வரிசைகளில் இடவேண்டும். முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில். பிறகு நான்கு வாரத்திற்கு ஒருமுறை. நன்கு பேணினால் ஆண்டில் ஏக்கருக்கு 28 டன் அளவு பச்சைத் தீவனம் கிடைக்கும். பச்சையாக வயிறு முட்டக் கொடாமல், நிழலில் வாட்டி, மற்றப் புல்லோடு கலந்து நாளொன்றிற்கு இரண்டு, மூன்று கிலோ உலர் அளவில் கொடுத்தால் போதும். அவ்வளவில் ஓர் ஏக்கர் ஐந்தாறு குதிரைகளுக்குத் துணையாகும். பாத்தியில் அம்மையார் கூந்தல் என்னும் மஞ்சள் நிற ஒட்டுண்ணிக் கொடி கண்டால் உடனே அப்பகுதியை அறுத்து எரித்தல் அவசியம். தாமதித்தால் பாத்தி முழுதும் போகும்.

கொள்ளைப்பற்றி இச்சீமையார்க்குச் சொல்லவேண்டுவதில்லை. மானாவாரிச் செம்மண்ணில் புரட்டாசி முதல் விதைத்து, பனியிலேயே விளைவது. புரதம் நூற்றுக்கு இருபதுக்கு மேல் உண்டு. வடநாட்டார் கடலையை ஊறவைத்துக் கொடுப்பர்; தென்னாட்டார் கொள்ளை வேகவைத்துக் கொடுப்பர். வேகவைக்கும் வழக்கம் காரணமற்றதன்று. பச்சைக் கொள்ளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு, வெந்தால் அது அழியும். ஆனால் காலையில் வெந்தது மாலைக்குள் புளித்துவிடும். புளித்ததைக் குதிரைக்கு வைக்கலாகாது. ஓட்ஸோ வாற்கோதுமையோ கிடைக்குமாயின் அவற்றோடு நாளொன்றிற்கு ஒரு கிலோ கொள் போதும். கொள்ளே முழுத் தானியமாக இருத்தல் பழைய வழக்கமேயாயினும் தேவையில்லை.

செஞ்சியில் மலிந்து கிடப்பது நிலக்கடலை. காய்ந்த கடலைக் கொடி, மண் உதறி, பூசணம் பிடிக்காது இருக்குமாயின் நல்ல தீவனம். மழையில் நனைந்து கறுத்த கொடியின் தூசி நுரையீரலைக் கெடுக்கும். மூச்சுக் கெட்ட குதிரை பந்தயத்திற்கு முடிந்தது. கடலைப் பிண்ணாக்கில் அஃப்ளடாக்ஸின் என்னும் பூசண நஞ்சு சேரும். 1960-இல் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான வான்கோழிகள் கடலைப் பிண்ணாக்குத் தின்று மாண்டபோதுதான் இந்நஞ்சு கண்டறியப்பட்டது. ஆய்வுச் சான்றில்லாத பிண்ணாக்கைப் பந்தயக் குதிரைக்கு வைக்காதிருத்தலே நலம், அது எவ்வளவு மலிவாயினும்.

வெயிலும் நீரும்

குதிரையின் வியர்வையில் உப்பு மிகுதி. நாள்தோறும் 30 முதல் 50 கிராம் உப்பும், வேலை மிகுந்த நாளில் அதற்கு மேலும் வேண்டும். நீர் எப்போதும் தொட்டியில் இருத்தல் வேண்டும். வேலை செய்து வெப்பமேறிய குதிரைமேல் குளிர்ந்த நீர் ஊற்றினால் சன்னி காணும் என்று பழைய குதிரைக்காரர் அஞ்சுவர். 1996-இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் குதிரைப் போட்டிகள் கடும் வெயிலில் நடக்கவிருந்தபோது இது ஆராயப்பட்டு, குளிர்ந்த நீரை உடல் முழுதும் இடைவிடாது ஊற்றுவதே காக்கும் என்று தெளிவாயிற்று. இவ்வொரு பழக்கத்தைத் தயங்காமல் கைவிடலாம். இதற்கு மாறாக, வேலை முடிந்தபின் வைக்கோற்புரியாலும் உள்ளங்கையாலும் உடம்பு முழுதும் தேய்த்துப் பிடித்துவிடும் பழைய வழக்கத்தை இக்காலத்தார் உடற்பிடிப்புச் சிகிச்சை என்று புதுப்பெயரிட்டு மீண்டும் கைக்கொண்டுள்ளனர். தேய்க்கும் கைக்குத்தான் எந்தக் கால் சூடாயிருக்கின்றது என்பது முதலில் தெரியும்.

குளிர்நாட்டிலிருந்து வந்த குதிரைகளுக்கு நம் கரையோர வெப்பத்தில் வியர்வையே நின்றுபோகும் நோய் உண்டு. ஓடியபின் உடல் காய்ந்திருக்க, மூச்சு மட்டும் இரைத்தால் அதுவே அடையாளம். அத்தகையதை விடியுமுன் வேலை வாங்கி, நிழலில் நிறுத்தி, மருத்துவரிடம் காட்டவேண்டும்.

பழைய படை லாயங்களில் முன்கயிறும் பின்கயிறும் இட்டு வரிசையாகக் கட்டுதல் வழக்கம். இடமில்லாத கோட்டைக்குள் அது தவிர்க்க முடியாதது. நிலமுள்ளவர்க்கு அவ்வாறு கட்டிவைக்கவேண்டிய அவசியம் இல்லை. நாளில் சில மணி நேரமாவது வேலி அடைத்த வெளியில் துணையோடு அவிழ்த்துவிட்டால், தலையை இருபுறமும் ஆட்டிக்கொண்டே நிற்றல், கட்டையைக் கடித்துக் காற்றை விழுங்குதல் முதலிய கெட்ட பழக்கங்கள் பெரிதும் குறையும்.

குளம்பு, மருந்து

குளம்பு மாதத்திற்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளர்வது. அடியிலிருந்து முழுதும் புதிதாக ஓராண்டளவு ஆகும். ஆகவே கெட்ட லாடத்தின் தீங்கு தீர ஓராண்டு காத்திருக்கவேண்டும். லாடமே வேண்டா என்போர் இக்காலத்தில் ஒரு கட்சியாகவே வளர்ந்துள்ளனர். ஓய்விலுள்ள குதிரைக்கும் இளங்குதிரைக்கும் அது நன்றே. குளம்பு விரிந்து உறுதிப்படும். ஆனால் செஞ்சியின் சரளையில் வேலை செய்யும் குதிரைக்கு லாடமின்றி முடியாது. நான்கு முதல் ஆறு வாரத்திற்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றிச் சீவி மீண்டும் அடிக்கவேண்டும். மாட்டிற்கு லாடம் அடிப்பவரிடம் குதிரையைக் கொடுத்தலாகாது. இரண்டும் வேறு கலைகள்.

மருந்தில்தான் புதிதாகத் தொடங்குவோர் பெரிதும் தவறுவர். ஓமம், பெருங்காயம், இந்துப்பு சேர்த்த உருண்டை வயிற்றுப் பொருமலுக்கு வழங்கிவருவது. வீட்டுக் குதிரைக்கு அது கேடு செய்யாது. ஆனால் வயிற்றுவலியில் உருளும் குதிரைக்கு உருண்டை கொடுத்துக் காத்திருந்தால் குடல் முறுக்கியே இறக்கும், மருத்துவரை அழைப்பதே வழி. பந்தயக் குதிரைக்கு வேறொரு இடரும் உண்டு. தேயிலையிலுள்ள காபீன், கசகசாவிலிருந்து வரும் மார்பின், ஊமத்தையிலுள்ள அட்ரோபின் ஆகியவை சிறுநீர்ச் சோதனையில் அகப்படும். வரப்பிலிருந்த ஊமத்தை விதை தானியத்தில் கலந்ததாலேயே குதிரைகள் தகுதி இழந்தது வெளிநாடுகளில் நிகழ்ந்துள்ளது. தீவனம் விளைவிப்பவரே அறுப்பதற்கு முன் வயலில் இறங்கி ஊமத்தையைப் பிடுங்கி எறிதல் வேண்டும்.

டாம் ஸ்மித்தின் வாழ்விலும் இதுவே குறுக்கிட்டது. 1945-இல் அவருடைய லாயத்து ஆள் ஒருவன் ஓட்டத்திற்குமுன் குதிரையின் மூக்கில் எபெட்ரின் தெளித்தான். அளவு மிகச் சிறிது; மனிதர் சளிக்கு இடும் மருந்தே. ஆயினும் ஸ்மித்திற்கு ஓராண்டு தொழில் தடை விதிக்கப்பட்டது. அறுபத்தேழு வயதில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டியவரானார். 1947-இல் அவர் பழக்கிய ஜெட் பைலட் கென்டக்கி டெர்பியை வென்றது.

இந்நாட்டில் பந்தயக் குதிரை பழக்குவோர் அந்தந்தப் பந்தயக் கழகத்தின் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். லாயத்தில் புகும் ஒவ்வொரு மருந்தும், ஒவ்வொரு மூட்டைத் தீவனமும், கொடுத்தவர் பெயரும் நாளும் குறித்து ஏட்டில் எழுதப்படவேண்டும். வில்லுவாதத் தடுப்பூசி தவறாது போடப்படவேண்டும். சிறு ஆணிக் காயத்தாலும் குதிரை அந்நோய்க்கு இரையாகும். மழைக்குப்பின் கடியீக்கள் பெருகும் காலத்தில் விட்டுவிட்டுக் காய்ச்சலும், இளைப்பும், அடிவயிற்று வீக்கமும் கண்டால் 'சர்ரா' என்று ஐயுற்று இரத்தச் சோதனை செய்யவேண்டும். 1880-இல் கிரிபித் எவான்ஸ் என்பவர் பஞ்சாபில் குதிரை, ஒட்டகங்களின் இரத்தத்தில் இதன் கிருமியைக் கண்டார். மருந்தும் உண்டு, காலத்தில் கொடுத்தால். மூக்கில் சீழும் தோலில் புண்ணும் தோன்றும் கிளாண்டர்ஸ் மனிதர்க்கும் தொற்றுவது. அதை மறைத்தல் சட்டப்படி குற்றம். புதிதாக வாங்கிய குதிரையை மற்றவற்றோடு சேர்க்குமுன் மூன்று வாரமேனும் தனியே வைத்தல் நல்லது.

பந்தயக் குதிரை ஓடுவது ஐந்தாறு ஆண்டுகள். வாழ்வது இருபத்தைந்து ஆண்டுகள் வரை. ஓட்டம் முடிந்த குதிரைக்கு எங்கே இடம் என்பதைத் தொடங்கும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டும். அமைதியாகப் பழக்கப்பட்ட குதிரை சவாரிப் பள்ளிகளுக்கு விலைபோகும். அடித்து முறிக்கப்பட்டதை வாங்குவார் இலர். மசால் பாத்திக்கு அருகே ஓர் ஏக்கரில் அருகு வளரவிட்டு வேலியடைத்தால், ஓய்ந்தவை இரண்டு அங்கே மேயலாம்; புதிதாக வந்து மிரளும் குட்டிக்கு அவையே துணையுமாகும்.